கேமரா ஓடுகிறது, பதிவு இருக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக் கண்காணிப்புக் கேமரா பற்றித் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். பெரும்பாலானவர்கள் எந்தக் கேமரா நல்லது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் ஒன்று நடந்துவிட்டால் மறுநாள் காலையில் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்ப்பது பதிவுப் பெட்டியைத்தான். அதனால் பதில்களில் பெட்டிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. வாசல், ரேழி, முற்றம், கொல்லை நான்கு இடத்திலும் கேமரா வேண்டும். ஒரு கடையில் டிவிஆர் வாங்கச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் என்விஆர் வாங்கச் சொல்கிறார்கள். எது சரி?
– வாசகர், மன்னார்குடி

இரண்டும் பதிவுப் பெட்டிதான். நான்கு கேமராவும் ஒரே வீட்டுக்குள் என்பதால் டிவிஆர் போதும். இதில் கேமராவிலிருந்து கோஆக்சியல் கேபிள் வழியாகப் படம் அப்படியே வரும். அதைச் சுருக்கிப் பதிவு செய்வது பெட்டியின் வேலை. என்விஆரில் கேமராவே படத்தைச் சுருக்கி, கேட்-6 நெட்வொர்க் கேபிளில் அனுப்பிவிடும். பிஓஇ சுவிட்ச் வைத்தால் அதே கேபிளில் மின்சாரமும் போகும். ஒரு கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எட்டுக்கு மேல் கேமரா, 4 மெகாபிக்சலுக்கு மேல் தெளிவு என்று போகிறவர்களுக்கு என்விஆர் பொருந்தும். உங்கள் ஊரில் பழுது பார்க்க ஆள் கிடைப்பதும், கேபிளைப் பெட்டியில் செருகும் பிஎன்சி முனையோ அடாப்டரோ அவசரத்துக்குக் கிடைப்பதும் டிவிஆருக்குத்தான் சுலபம்.

நான்கு சேனல் பெட்டி வாங்காதீர்கள், எட்டு சேனலாக வாங்குங்கள். மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று என்று அடுத்த வருடமே தேவை வரும். நான்கு சேனல் பெட்டியில் ஐந்தாவது கம்பிக் கேமராவுக்கு இடம் இருக்காது.

பெட்டியின் அட்டையில் '1080என்' என்றோ 'லைட்' என்றோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழு 1080பி என்றால் 1920×1080 புள்ளிகள். 1080என் என்றால் 960×1080தான், அகலத்தில் பாதி போய்விடும். நேரலையில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. பதிவை நிறுத்தி ஒரு முகத்தைப் பெரிதாக்கினால்தான் தெரியும். அடுத்து, 2 மெகாபிக்சல் வரை மட்டுமே ஏற்கும் டிவிஆரில் 5 மெகாபிக்சல் கேமராவைச் செருகினால் படமே வராது. பெரிய டிவிஆரில் சின்னக் கேமரா வேலை செய்யும். 'எக்ஸ்விஆர்' என்று விற்பவை டிவிஐ, சிவிஐ, ஏஹெச்டி, பழைய அனலாக், ஐபி (நெட்வொர்க் கேமரா) என ஐந்து வகைக் கேமராவையும் ஏற்கும். பழைய கேமராக்கள் கையில் இருந்தால் அதை வாங்குங்கள். எந்தப் பெட்டியானாலும், பழைய எச்.264ஐ விடப் படத்தை அதிகமாகச் சுருக்கும் எச்.265 வசதி இருக்க வேண்டும்.

ஒரு மாதப் பதிவு இருக்க வேண்டும் என்கிறேன். 1 டிபி ஹார்ட் டிஸ்க் போதும் என்கிறார் மாட்ட வந்தவர். உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

போதாது. கணக்கு எளிதுதான். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் 24 மணி நேரம் பதிவானால் 10.8 ஜிபி ஆகும். 2 மெகாபிக்சல் கேமராவுக்கு எச்.265 முறையில் 2 மெகாபிட் வைத்தால் நாளுக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி சொச்சம். இப்படிப் பார்த்தால் 1 டிபி 11 நாளில் நிரம்பிவிடும். 2 டிபி 23 நாள் வரும். 4 டிபி போட்டால் ஒன்றரை மாதம். நிரம்பியதும் பெட்டி பழையதை அழித்துக்கொண்டே புதியதை எழுதும். எச்.264 முறையில் 4 மெகாபிட் என்று விட்டுவைத்திருந்தால் இந்த நாட்கள் எல்லாம் பாதியாகிவிடும். அதனால் முதலில் பெட்டியின் அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். கேமரா ஒவ்வொன்றுக்கும் எச்.265, 1080பி, நொடிக்கு 15 படம், பிட் ரேட் 2048 (அதாவது 2 மெகாபிட்) என்று வையுங்கள். வீட்டுக்கு 25 படம் தேவையே இல்லை.

இடத்தை மிச்சம் பிடிக்க, ஆள் அசைந்தால் மட்டும் பதிவு என்று வைக்கிறவர்கள் உண்டு. வாசல் கேமராவுக்கு அது வேண்டாம். அசைவைப் பெட்டி உணர்ந்து பதிவைத் தொடங்குவதற்குள் ஆள் உள்ளே போயிருக்கலாம். கொல்லையில் வேறு சிக்கல். காற்றில் தென்னை மட்டை ஆடுவதும் அசைவுதான், இரவெல்லாம் பதிவாகிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் தொடர்பதிவையே வைத்துவிட்டு டிஸ்க்கைப் பெரிதாக வாங்குங்கள். உங்கள் பெட்டி அதிகபட்சம் எத்தனை டிபி ஏற்கும் என்பதையும் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் கண்காணிப்புக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் ஆகியவை அந்த வகை. இரவு பகல் ஓயாமல் எழுதுவதற்கென்று அவை வடிவமைக்கப்பட்டவை. பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய டிஸ்க்கைப் போட்டால் சில மாதம் ஓடும். பிறகு நடுநடுவே பதிவு விடுபடும், திரையில் நேரலை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். படம் தெரிவதால் எல்லாம் சரி என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மாட்டி ஒரு மாதம் ஆனதும் பிளேபேக்கில் போய் மிகப் பழைய தேதி எது என்று பாருங்கள். அந்தத் தேதி எத்தனை நாள் பின்னால் இருக்கிறதோ அத்தனை நாள்தான் உங்களிடம் பதிவு இருக்கிறது.

கொல்லைக் கேமரா பகலில் நன்றாக இருக்கிறது. இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறது. கேமராவை மாற்றியும் அப்படியேதான்.
– வாசகர், பட்டுக்கோட்டை

கேமராவில் குறை இல்லை, மின்சாரம் போய்ச் சேரவில்லை. இருட்டியதும் கேமராவைச் சுற்றியுள்ள இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கும். அதுவரை குறைவாக இழுத்த கேமரா அப்போது 0.4 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 3+1 கேபிளுக்குள் (மூன்று மின் ஒயர், படத்துக்கு ஒரு கோஆக்சியல்) இருக்கும் மின் ஒயர் மெல்லியது. நல்ல செம்பு, அரை சதுர மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், 80 மீட்டர் தூரத்துக்குப் போக வர 160 மீட்டர். அதன் தடை சுமார் 6 ஓம். 0.4 ஆம்பியரில் 2.4 வோல்ட் வழியிலேயே கரைந்து, 12 வோல்ட் 9.6 ஆகிவிடும். மலிவான கேபிளில் செம்பு மேல்பூச்சுதான், உள்ளே அலுமினியம். அதில் 9க்கும் கீழே இறங்கும். கேமரா அணையும். அணைந்ததும் சுமை குறைந்து வோல்டேஜ் ஏறும், மறுபடி எரியும். விடியும் வரை இதேதான்.

இதைச் சோதிக்க இரவு வரை காத்திருக்க வேண்டாம். ஏணி போட்டு ஏறி, கேமரா முனையில் டிசி பின்னைக் கொஞ்சம் வெளியே இழுத்து மல்டிமீட்டரை வையுங்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளங்கையால் கேமராவின் முகத்தை முழுக்க மூடுங்கள். சில நொடியில் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இரவுப் படத்துக்கான வடிகட்டி நகரும் சத்தம் அது. விளக்குகள் மங்கிய சிவப்பாகத் தெரியும். அந்தக் கணத்தில் மீட்டர் 11க்கு மேல் நின்றால் கவலையில்லை. 10க்கு அருகில் வந்தால் ஒயர்தான் காரணம்.

கொல்லையில் பிளக் பாயின்ட் இருந்தால் அந்தக் கேமராவுக்கு மட்டும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரை அங்கேயே, மழை படாத பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். நிரந்தரமான தீர்வு அதுதான். அது முடியாதென்றால், கேபிளில் மூன்றாவது மின் ஒயர் சும்மா இருந்தால் இரண்டு முனையிலும் அதைக் கறுப்பு ஒயரோடு சேர்த்து முறுக்குங்கள். நெகடிவ் பக்கத்து இழப்பு பாதியாகும். சிலர் பவர் சப்ளையில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றிவிடுவார்கள். 13ஐத் தாண்ட விடாதீர்கள், பக்கத்தில் உள்ள கேமராக்களுக்கும் அதே வோல்டேஜ்தான் போகிறது.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. ஆறே மாதத்தில் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது.
– வாசகர், வேதாரண்யம்

உப்புக் காற்று பிஎன்சி முனையை அரித்திருக்கும். கழற்றிப் பாருங்கள், நடு ஊசியில் பச்சை பூத்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். திருகு வகையை விட அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் வகை உங்கள் ஊருக்கு நல்லது. கேபிளுக்குள் இருக்கும் கம்பி வலையின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. இணைப்புகள் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி66 தரப் பெட்டிக்குள் இருக்கட்டும். கேபிள் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு கை அளவு கீழே தொங்கி மேலே வளைந்து போனால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். துளையைச் சிலிகானால் அடைத்துவிடுங்கள். எறும்பும் பல்லியும் உள்ளே போய் ஷார்ட் ஆவதும் அதோடு நிற்கும்.

கரண்ட் போனால் கேமராவும் போய்விடுகிறது. தனி யூபிஎஸ் வாங்க வேண்டுமா?
– வாசகர், நீடாமங்கலம்

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் வேண்டாம். டிவிஆர் 15 வாட், நான்கு கேமரா இரவில் 16 வாட், பவர் சப்ளை இழப்பு, ரவுட்டர் எல்லாம் சேர்த்து 45 வாட்டுக்குள் அடங்கும். பழைய மின்விசிறி ஒன்றே 75 வாட் இழுக்கும். 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரியில் நடைமுறையில் கிடைப்பது சுமார் 1,260 வாட்-மணி. விசிறி, விளக்கு என்று 200 வாட் ஓடினால் 6 மணி நேரம் வரும். கேமராவைச் சேர்த்தால் 5 மணி நேரம் வரும். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்கலாம்.

பெட்டியைச் செருகியிருக்கும் பிளக், இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று மெயினை அணைத்துப் பாருங்கள். பல வீடுகளில் விளக்கு விசிறி மட்டும்தான் அந்த லைனில் இருக்கும். டிவிஆரை மாற்றிவிட்டு ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் மறந்துவிடாதீர்கள். அவை அணைந்தால் பதிவு நடக்கும், ஆனால் செல்போனில் எதுவும் தெரியாது. இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் மாறும் இடைவெளியில் டிவிஆர் அணைந்து எழும், ஒன்றிரண்டு நிமிடப் பதிவு போய்விடும்.

ஐப்பசி இடியில் டிவிஆர் இரண்டு முறை எரிந்துவிட்டது. சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தோம்.
– வாசகர், திருவையாறு

சுவிட்ச் ஒரு வழியைத்தான் அடைக்கிறது. மின்னலின் வேகம் கேமரா கேபிள், நெட்வொர்க் கேபிள், டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ என எந்த உலோகக் கம்பி வழியாகவும் பெட்டிக்குள் வரும். வீட்டுக்கு வெளியே நீண்டு ஓடும் கம்பிதான் முதலில் கொண்டுவரும். உங்கள் கடிதத்தில் மாட்டுக் கொட்டகைக் கேமரா ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள், அந்தக் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் கேபிளின் முனையில், திடீர் மின்வீச்சை எர்த்துக்குத் திருப்பும் பிஎன்சி சர்ஜ் புரொடெக்டர் போட்டு, அதன் எர்த் ஒயரை வீட்டு எர்த்தோடு இணையுங்கள். எர்த் இல்லாமல் மாட்டினால் அது வெறும் இணைப்புத் துண்டுதான். மீட்டர் பலகையிலும் ஒரு சர்ஜ் புரொடெக்டர் வைக்கச் சொல்லுங்கள். பெரிய இடி வரும் என்று தெரிந்தால் மழை தொடங்குவதற்கு முன்பே பிளக்கையும் கேபிள்களையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கம்பியில் கை வைக்கக் கூடாது.

வயலில் உள்ள மோட்டார் கொட்டகை வீட்டிலிருந்து 250 மீட்டர். காப்பர் ஒயரை அறுத்துப் போகிறார்கள். அங்கேயும் கேமரா வைத்து வீட்டுப் பெட்டியில் பதிவு செய்ய முடியுமா?
– வாசகர், பாபநாசம்

முடியும், ஆனால் கம்பி இழுக்காதீர்கள். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டரோடு நின்றுவிடும். கோஆக்சியலில் படம் வந்தாலும் மின்சாரம் அவ்வளவு தூரம் போகாது. மேலும் 250 மீட்டர் செம்பு என்பது மின்னலுக்கு நீங்களே போட்டுக் கொடுக்கும் பாதை.

இடையில் வெறும் நெல்வயல் என்றால் கேபிளுக்குப் பதில் ரேடியோ அலையில் படத்தை அனுப்பும் 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் ஒரு ஜோடி வாங்குங்கள். ஒன்றை மாடியிலும் மற்றொன்றைக் கொட்டகை மேல் கம்பத்திலும், ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி வைக்க வேண்டும். நடுவில் தென்னந்தோப்போ வாழையோ வந்தால் இது சரிப்படாது. இலையில் பட்டே அலை தேய்ந்துவிடும், மழை நாளில் இன்னும் மோசம். அப்படியானால் கம்பம் நட்டு ஃபைபர் கேபிள் இழுத்து, இரு முனையிலும் ஃபைபரை நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். உள்ளே உலோகக் கம்பி இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள், அதில் மின்னல் ஏறாது. வரப்பில் புதைத்தால் டிராக்டரும் மண்வெட்டியும் விடாது. இரண்டு முறையிலும் கொட்டகையில் ஐபி கேமரா வேண்டும். வீட்டில் எக்ஸ்விஆர் இருந்தால் அதன் ஐபி சேனலில் சேர்த்துக்கொள்ளலாம்.

பம்புசெட் லைனை நம்பாமல் சோலார் பேனலும் பேட்டரியும் வைத்துவிடுங்கள். சிம் கார்டு போடும் 4ஜி சோலார் கேமரா இதைவிடச் சுலபம். ஆனால் அது ஆள் வந்தால் மட்டும் விழித்துப் பதிவு செய்யும், அதுவும் கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில். கேமராவைக் கழற்றிப் போனால் பதிவும் போய்விடும். அதை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவன் பதிவில் தெரிகிறான், முகம் தெரியவில்லை. 5 மெகாபிக்சல் போட்டால் தெரியுமா?
– வாசகர், மயிலாடுதுறை

லென்ஸை மாற்றுங்கள், அதில்தான் விஷயம். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். 1080பி கேமராவில் 1920 புள்ளி, அதாவது காட்சி ஏழரை மீட்டர் அகலத்துக்குள் இருக்கும்வரைதான் முகம். வழக்கமாக மாட்டும் 2.8 மி.மீ. லென்ஸ் நூறு டிகிரிக்கு மேல் விரித்துப் பார்க்கும், அதில் 3 மீட்டரோடு முகம் சரி. 6 மி.மீ. லென்ஸில் 7, 8 மீட்டர் வரை கிடைக்கும். வாசலுக்கு இரண்டு கேமரா வையுங்கள். தெருவை அகலமாகப் பார்க்க 2.8 ஒன்று, கேட் வழியாக நுழைகிறவரை நேராகப் பிடிக்க 6 ஒன்று. இரண்டாவதை 8 அடிக்கு மேல் ஏற்றாதீர்கள். 12 அடியில் வைத்தால் தலைமுடிதான் பதிவாகும்.

கேமரா முன்னால் சிலந்தி வலை கட்டிக்கொண்டே இருக்கிறது.
– வாசகர், திருவிடைமருதூர்

இரவு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் கம்பால் தட்டிவிடுவதைத் தவிர வழியில்லை. லென்ஸ் மேல் துணி போட்டுத் தேய்க்காதீர்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? டிவி பக்கத்தில்தான் வைத்திருக்கிறோம்.
– வாசகர், சீர்காழி

திருடனும் முதலில் அங்கேதான் பார்ப்பான். மாடி அறையில், பூட்டிய காற்றோட்டமான இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள். டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிளை மட்டும் இழுத்துக்கொள்ளலாம். ஓட்டுக்கு அடியில் பரணில் வேண்டாம், சித்திரை வெயிலில் டிஸ்க் வெந்துவிடும். 2022 நவம்பரில் உங்கள் ஊரில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை பெய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கீழ்த்தளத்தில்தான் வைக்க முடியும் என்றால் தரையிலிருந்து 5 அடிக்குக் குறையாமல் மாட்டுங்கள்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் போனில் பார்க்க வேண்டும். மாட்டியவர் அவருடைய போனில் ஏதோ செய்து கொடுத்தார். பாதுகாப்பானதா?
– வாசகர், நாகப்பட்டினம்

இல்லை. அவருடைய கணக்கில் உங்கள் பெட்டியைப் பதிந்து, உங்களுக்குப் பகிர்ந்திருக்கிறார். உரிமையாளர் அவர்தான். உங்கள் வீட்டுக் கூடத்தை அவரால் எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடியும். அவரையே கூப்பிட்டு, அந்தக் கணக்கிலிருந்து பெட்டியை நீக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் போன் எண்ணில் புதுக் கணக்கு தொடங்கி, பெட்டியின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சேர்த்து, மகனுக்குப் பகிருங்கள். பெட்டியின் 'அட்மின்' கடவுச்சொல்லையும் அன்றே மாற்றி, மின்னஞ்சலை மீட்பு வழியாகப் பதியுங்கள். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி, நகை வைக்கும் இடத்தில் வையுங்கள்.

ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டால், அதாவது இணையத்திலிருந்து நேராகப் பெட்டிக்கு வழி விட்டால், வேகமாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், கம்பெனி போட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது.

வீட்டில் திருட்டு நடந்தது. பதிவைக் கொடுக்கச் சொல்லி ஸ்டேஷனில் கேட்கிறார்கள். போனில் எடுத்த வீடியோ போதுமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

திரையைப் போனில் பிடித்தது துப்புக்கு உதவும், சாட்சிக்குப் போதாது. முதலில் அந்தப் பதிவு எந்த நாளில் அழியும் என்று கணக்குப் போடுங்கள். நாள் நெருங்கியிருந்தால் அந்தப் பகுதியைப் பெட்டியிலேயே லாக் செய்யுங்கள். பிறகு 32 ஜிபி பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, பெட்டியின் யுஎஸ்பியில் செருகி, பேக்கப்பில் தேதியும் நேரமும் கொடுத்து எடுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து, எல்லாக் கேமராவிலும் எடுங்கள். பிளேயரும் சேர்ந்து வருமா என்று பெட்டி கேட்டால் ஆம் என்று கொடுங்கள். இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி இத்தகைய பதிவோடு ஒரு சான்றிதழ் வேண்டும். கோப்பை யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் எண்ணும் அதில் இருக்கும். ஸ்டேஷனில் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அசல் டிஸ்க்கை அவர்கள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் அதன் வரிசை எண்ணை எழுதி ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

பதிவில் ஓடும் கடிகாரம் சரியா என்றும் பாருங்கள். நேர மண்டலம் +05:30 என்று இல்லாவிட்டால் மணி தவறாக ஓடலாம். பெட்டிக்குள் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்து கரண்ட் போய் வந்தால், தேதி 2000ஆம் வருடத்துக்கே போய்விடலாம். தவறாக இருந்தால் இப்போது திருத்தாதீர்கள். டிவிஆர் திரையின் நேரமும் உங்கள் செல்போன் நேரமும் ஒரே படத்தில் விழும்படி இன்னொரு போனில் புகைப்படம் எடுங்கள். எத்தனை நிமிட வித்தியாசம் என்பதை எழுதி, பென்டிரைவோடு சேர்த்துக் கொடுத்த பிறகு கடிகாரத்தைச் சரிசெய்யலாம்.